திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு முதல் தடவை தனியாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் சிங்கப்பூருக்கு ஆள் போகாத வீடு குறைவு. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். கடலிலேயே ஒரு வாரம் போல ஆகும் என்பார். இன்றைக்குத் திருச்சியில் ராத்திரி ஏறினால் விடியும்போது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். பயண நேரம் சுமார் நாலு மணிதான். ஆனாலும் முதல் தடவை தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு வயிற்றைப் பிசைவது மட்டும் மாறவில்லை.

நான் 2018-ல் முதல் முறை தனியாகப் போய்வந்தேன். அதிலிருந்து தெருவில் யாருக்கு டிக்கெட் போட்டாலும் என்னிடம் வந்து கேட்பார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்ததால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் வைத்திருக்கிறேன். சுற்றிப் பார்க்கவும் சொந்தக்காரர்களைப் பார்க்கவும் போகிறவர்களுக்காக எழுதியது இது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி மட்டும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

அக்கா, நான் இதுவரைக்கும் பிளைட்டே ஏறினதில்ல. தனியா போயிர முடியுமா?

முடியும். சிங்கப்பூர் முதல் பயணத்துக்கு நல்ல ஊர். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கும், ராத்திரி நேரத்திலும் நடமாடலாம், சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை.

பயம் எதில் என்று யோசித்துப் பார்த்தால், வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் அங்கே படுக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் வரை உள்ள அந்தச் சில மணி நேரத்தில்தான். அதற்கு மட்டும் முன்கூட்டியே தயாராகுங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: ஒரு முழுத்தாளில் பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் இடத்தின் முழு முகவரி அஞ்சல் எண்ணோடு, அங்கே இருப்பவரின் தொலைபேசி எண், திரும்பும் தேதி இவ்வளவையும் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் தீராது. கீழே பல இடங்களில் ‘அந்தத் தாள்’ என்று சொல்வது இதைத்தான்.

விசாவை நானே போட்டுக்கலாமா, ஏஜென்டுகிட்டதான் போகணுமா?

சுற்றுலாவுக்குப் போகிற இந்தியர்கள் சிங்கப்பூர் அங்கீகரித்த விசா முகவர்கள் மூலமாகத்தான் பொதுவாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த முகவர்களின் பட்டியல் இந்தியாவிலுள்ள சிங்கப்பூர்த் தூதரகத்தின் தளத்தில் இருக்கிறது. பட்டியலில் இல்லாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள உறவினர் இருந்தால் அவரே உங்களுக்காக இணையத்தில் விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. முகவர் தன் கூலியை அதற்கு மேல் வாங்குவார். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வராது, தனித் தாளாக வரும். இரண்டு நகல் எடுத்து ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைக் கைப்பையிலும் வையுங்கள்.

பாஸ்போர்ட்டுல எனக்கு சர்நேம் இடம் காலியா இருக்கு. டிக்கெட்டுல என்ன போடறது?

நம் ஊர்க்காரர்களுக்கென்றே வரும் சிக்கல் இது, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல், குடும்பப் பெயர் கிடையாது. விமான நிறுவனத்தின் படிவமோ கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. சில நிறுவனங்கள் அந்த இடத்திலும் உங்கள் பெயரையே திரும்பப் போடச் சொல்லும், சில வேறு குறியீடு சொல்லும். அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். நீங்களாக அப்பா பெயரைச் சேர்க்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் எல்லா இடத்திலும் விரித்தே எழுதுங்கள். ஆதாரில் ‘க. முருகன்’ என்று இருக்கலாம். டிக்கெட், விசா, வருகை அட்டை (அரைவல் கார்டு, அடுத்த கேள்வியில் வரும்) மூன்றுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் கணக்கு. எழுத்து மாறியிருந்தால் கிளம்பும் நாளில் கவுண்டரில் நின்று சரி செய்வது பெரும்பாடு, சில நேரம் பணமும் ஆகும். டிக்கெட் கைக்கு வந்த அன்றே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

இன்னொன்று. அப்பா பெயர் கடைசிப் பெயராகப் பதிவாகியிருந்தால் ஒலிபெருக்கியில் உங்களை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

திருச்சியிலிருந்து துபாய் பக்கம் போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அரைவல் கார்டுன்னு ஒன்னு சொல்றாங்களே, அதுக்கு எவ்வளவு கட்டணும்?

ஒரு ரூபாய்கூட வேண்டாம். நாட்டுக்குள் நுழைகிறவர் தன் விவரங்களை எழுதிக்கொடுக்கும் வருகை அட்டைதான் அது. 2018-ல் நான் போனபோது விமானத்துக்குள்ளேயே வெள்ளை அட்டை ஒன்று கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். இப்போது அது இணையத்துக்குப் போய்விட்டது. போய்ச் சேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளத்திலோ ‘மை ஐ.சி.ஏ.’ செயலியிலோ நிரப்ப வேண்டும். அரசுத் தளம் மாதிரியே இருந்துகொண்டு பணம் கேட்கும் தளங்கள் பல உண்டு. பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள்.

மின்னஞ்சல் முகவரியைச் சரியாகக் கொடுங்கள், நீங்களே திறந்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். ஏஜென்டின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு அங்கே போய்த் தவித்தவர்கள் உண்டு. அது எதற்குத் தேவை என்று சாங்கிக் கேள்வியில் வரும்.

பெட்டியில ஊறுகாய், பொடி எல்லாம் வைக்கலாமா? அங்க இருக்குறவங்க கேட்டுட்டே இருக்காங்க.

வைக்கலாம், எந்தப் பையில் என்பதுதான் கேள்வி. ஊறுகாய், நெய், எண்ணெய், மிளகாய்ப்பொடி இவற்றை விமானத்தின் அடியில் போகும் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கைப்பையில் திரவம் என்றால் ஒரு பாட்டில் 100 மில்லிக்குள். பவர் பேங்க் நேர்மாறு, அது கைப்பையில் மட்டும்தான் போக வேண்டும். கொப்பரைத் தேங்காய், கற்பூரம், தீப்பெட்டி, லைட்டர் பெட்டியில் வேண்டாம். கொப்பரையில் எண்ணெய்ச் சத்து அதிகம், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் தடை. பூஜைச் சாமான் கட்டும் அம்மாக்கள் இதைத் தெரியாமல் வைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் சிங்கப்பூர்ப் பக்கத்துத் தடைகள். சூயிங்கம் 1992-லிருந்தே தடை. மெல்லும் புகையிலை, மின்சிகரெட் இரண்டும் தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது. ஒரு பாக்கெட் இருந்தாலும் சுங்கச் சோதனையின் சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். இறைச்சி, முட்டை கொண்டுபோகாதீர்கள். கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், குருமாப்பொடியில் அரைத்துக் கலந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது அபின் செடியின் விதை.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துப்போங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்ற சிலவற்றுக்கு முன்கூட்டியே அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

மலிவு விலை டிக்கெட்டில் பெரிய பெட்டிக்குத் தனிக் காசு. அதை டிக்கெட் போடும்போதே கட்டிவிடுங்கள். விமான நிலையத்தில் போய்க் கட்டினால் மிக அதிகம்.

கையில எவ்வளவு பணம் வச்சிருக்கணும்?

சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை ‘வெள்ளி’ என்பார்கள். ‘அஞ்சு வெள்ளி’ என்றால் ஐந்து டாலர். ஒரு வெள்ளி நம் பணத்தில் அறுபது ரூபாய்க்கு மேல். சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர் 200 வெள்ளி ரொக்கமாக வைத்துக்கொண்டால் முதல் சில நாளுக்குத் தாராளம் என்பது என் கணக்கு. விடுதியில் தங்குகிறவர்களுக்கு அதற்கு மேல் வேண்டும். இங்கேயே மாற்றும்போது பாஸ்போர்ட், பான் அட்டை, விசா, டிக்கெட் நகல் கேட்பார்கள். இந்திய ரூபாயாக 25,000-க்கு மேல் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. ரூபாய் கையில் மிஞ்சினால் அங்கே நம்மவர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா பகுதியில், தெக்கா சந்தை, முஸ்தபா கடை பக்கம் பணம் மாற்றும் கடைகள் நிறைய இருக்கின்றன.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி நாமே செயலியில் அதை இயக்க வேண்டும். கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். ஓ.டி.பி. வர வேண்டும் என்றால் நம் ஊர் சிம்மில் ரோமிங் இயக்கத்தில் இருக்க வேண்டும், அதையும் இங்கிருந்தே செய்யுங்கள்.

திருச்சி ஏர்போர்ட்டுக்குள்ள போனதும் முதல்ல எங்க போகணும்?

2024 ஜூனிலிருந்து புதிய முனையத்தில்தான் (டெர்மினல்) எல்லாம். முன்பு போய்வந்தவர்கள் ‘உள்ள போனதும் இடப்பக்கம் திரும்பு’ என்று சொல்வதெல்லாம் பழைய கட்டடத்துக்கு. மூன்று மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள்.

வாசலில் காவலர் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்ப்பார். வழியனுப்ப வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும், அழுகையெல்லாம் அங்கேதான். உள்ளே போய் விமான நிறுவனத்தின் கவுண்டரில் பெட்டியைக் கொடுத்தால் விமானம் ஏறுவதற்கான சீட்டு, அதாவது போர்டிங் பாஸ், தருவார்கள், பெட்டிக்கான ஒட்டுச்சீட்டும் தருவார்கள். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து பாஸ்போர்ட்டும் விசாவும் பார்க்கும் இமிகிரேஷன், அதன் பிறகு உடம்பும் கைப்பையும் சோதிக்கும் இடம், கடைசியில் விமானம் ஏறும் கேட். இந்த வரிசை மட்டும் தெரிந்தால் போதும், முன்னால் போகிறவர் பின்னாலேயே போய்விடலாம்.

நம்ம ஊர் இமிகிரேஷன்லயே திருப்பி அனுப்பிருவாங்களாமே?

காரணமில்லாமல் அனுப்ப மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது, சுற்றுலா விசாவில் ஒருவரை வேலைக்கு அனுப்பி ஏமாற்றுகிறார்களா என்பதைத்தான். எதற்குப் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது வருகிறீர்கள் என்று கேட்பார்கள். அந்தத் தாள், திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு அல்லது உறவினரின் கடிதம் இருந்தால் போதும். ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த பதிலை ஒப்பிக்காதீர்கள். உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்வியிலும் உண்மை மாறாது.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ என்று இருக்கும். சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்பது அதன் பொருள். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. மலேசியா இருக்கிறது, வளைகுடா நாடுகள் இருக்கின்றன. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை, ஆனால் திரும்பும் டிக்கெட்டைக் கட்டாயம் கேட்பார்கள். ‘சிங்கப்பூர்ல இருந்து அப்படியே மலேசியாவும் போயிட்டு வரலாம்’ என்று நினைக்கிறவர்கள் அந்த நாட்டுக்கான தாள்களையும் இங்கேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கியூல பக்கத்துல நிக்கிறவங்க ஒரு சின்ன பார்சல் கொடுத்து, அங்க என் தம்பி வந்து வாங்கிக்குவான்னு சொன்னா?

வாங்காதீர்கள். வயதானவர் கேட்டாலும், கைக்குழந்தையோடு நிற்பவர் கேட்டாலும், எடை கூடிவிட்டது என்று கெஞ்சினாலும் வேண்டாம். உங்கள் கையில் உள்ளது உங்களுடையது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. எனக்குத் தெரியாது என்பதை நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

திரும்பி வரும்போது இதே விஷயம் தங்கமாக வரும். ‘டிக்கெட் காசு நாங்க தர்றோம், இந்தச் செயினை மட்டும் போட்டுட்டுப் போங்க’ என்பார்கள். குருவி என்று சொல்வது இப்படிப் போகிறவர்களைத்தான். திருச்சிச் சுங்கத்தில் பிடிபட்டு முழுக் குடும்பமும் அலைந்ததை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். உங்கள் சொந்த நகையை நிறையப் போட்டுக்கொண்டு கிளம்புவதாக இருந்தால், போகும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்வி வராது.

ஏறும்போது காது வலிக்குமா?

ஏறும்போதும் இறங்கும்போதும் அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள், சரியாகிவிடும். சளி இருந்தால் வலி கொஞ்சம் கூடும்.

சாங்கில இறங்கினதும் எந்தப் பக்கம் போறது? தொலைஞ்சு போயிருவேனோன்னு இருக்கு.

முதலில் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். இறங்கியதும் பெரிய கம்பளம் விரித்த நீள நடைவழி வரும், இரண்டு பக்கமும் கடைகள். அங்கே நின்றுவிடாமல் ‘அரைவல்’ என்ற பலகையைப் பின்தொடருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கும். வழியில் கழிவறை இருக்கும், குடிதண்ணீர் இருக்கும், விமான நிலையத்தின் இலவச வைஃபையும் கிடைக்கும். முகம் கழுவி, வீட்டுக்கு ‘இறங்கிட்டேன்’ என்று ஒரு செய்தி போட்டுவிட்டு நிதானமாகப் போங்கள். ஓடுகிறவர்களைப் பார்த்து ஓட வேண்டாம்.

பிறகு குடிநுழைவுச் சோதனை. நம் ஊரில் இமிகிரேஷன் என்பதை அங்கே தமிழில் குடிநுழைவு என்பார்கள். இப்போது பெரும்பாலோரைத் தானியங்கிப் பாதைக்கே அனுப்புகிறார்கள். பாஸ்போர்ட்டின் படமுள்ள பக்கத்தைக் கருவியில் வைத்து, கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றி, கருவியைப் பார்த்து நிற்க வேண்டும். கைரேகையும் கேட்கலாம். கதவு திறக்கவில்லை என்றால் தப்பு செய்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். பக்கத்திலேயே அலுவலர் நிற்பார், அவர் ஆள் இருக்கும் கவுண்டரைக் காட்டுவார்.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்ற விவரம் மின்னஞ்சலில் வரும். மேலே மின்னஞ்சலைப் பற்றி அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். முத்திரை இல்லையே என்று பயந்து வரிசையிலேயே நின்றவர்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர்.

ஆபீசர் என்ன கேப்பாரு? எனக்கு இங்கிலீஷ் வராது.

கவுண்டருக்குப் போனால் இங்கே கேட்ட அதே மூன்று கேள்விகள்தான்: எதற்கு, எங்கே, எத்தனை நாள். அந்தத் தாளை நீட்டினால் பாதிப் பதில் அதிலேயே இருக்கும். ‘தமிழ்’ என்று சொல்லிப் பாருங்கள், தமிழ் தெரிந்த அலுவலர் பணியில் இருந்தால் கூப்பிடுவார்கள். ஆனால் எதிரில் இருப்பவர் சீனரோ மலாய்க்காரரோ ஆக இருக்கவும் வாய்ப்பு அதிகம். ‘விசிட் டாட்டர்’, ‘டூரிஸ்ட்’, ‘டென் டேஸ்’ இப்படி இரண்டிரண்டு சொல்லே போதும். இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை.

தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா என்ன பண்றது?

சிலரை அழைப்பார்கள். விசா இருந்தாலும் உள்ளே விடுவதா என்பதை அங்குள்ள அதிகாரிதான் முடிவு செய்வார், அது அந்த நாட்டின் உரிமை. உட்காரச் சொல்லி, பணம் காட்டச் சொல்லலாம், தங்கும் இடத்துக்குப் போன் போடலாம். அரை மணியும் ஆகும், மூன்று மணியும் ஆகும். உங்களைக் கூட்டிப்போக வருபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள், போனை அணைத்துவைக்க வேண்டாம் என்று. நீங்கள் சொல்வதும் அவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் விட்டுவிடுவார்கள். அழுவதோ, பக்கத்தில் இருப்பவரின் கதையைச் சேர்த்துச் சொல்வதோ வேண்டாம். பிரச்சினை முற்றினால் இந்தியத் தூதரகத்தோடு பேச வேண்டும் என்று கேட்கலாம்.

பெட்டி வரலைன்னா?

எனக்கே நடந்தது. முதல் பயணத்தில் பெட்டிகள் வரும் பட்டை சுற்றி நின்றுபோகும் வரை பார்த்தேன், என் பச்சைப் பெட்டி வரவில்லை. மாற்றுடை, மருந்து எல்லாம் அதில்தான். விட்டுவிட்டு வெளியே போய் உறவினரிடம் சொல்லலாம் என்று கால் நகர்ந்தது. பக்கத்தில் நின்ற துப்புரவு அம்மா, தமிழர், ‘வெளிய போகாதம்மா, போனா திரும்ப உள்ள வர முடியாது’ என்று பெட்டி விசாரணைக் கவுண்டரைக் காட்டினார். இன்றைக்கும் அந்த முகம் ஞாபகம் இருக்கிறது.

அங்கே ஒட்டுச்சீட்டைக் காட்டி, காணாமல்போன பெட்டிக்கான புகார் படிவம் எழுதிக்கொடுத்து, அதன் எண்ணை வாங்கிக்கொண்டேன். மறுநாள் மாலை பெட்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரு நாள் உடையையும் மாத்திரையையும் கைப்பையில் வைக்கச் சொல்கிறேன். பெட்டியை மூடும் முன் போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நிறம், என்ன அளவு என்று கேட்கும்போது காட்டலாம்.

வெளிய வந்தா கூட்டிட்டுப் போறவர் இல்லை, போனும் வேலை செய்யல. அப்போ?

வெளியே வந்த இடத்திலேயே உட்காருங்கள். உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி அலைந்தால்தான் ஒருவரை ஒருவர் தவறவிடுவது. வைஃபை அங்கேயும் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் முனைய எண்ணையும் கதவு எண்ணையும் அனுப்புங்கள். சாங்கியில் நான்கு முனையங்கள், வருகிறவர் வேறு முனையத்தில் நின்றுகொண்டிருப்பது சாதாரணமாக நடக்கும். வைஃபை வரவில்லை என்றால் தகவல் மேசையில் அந்தத் தாளைக் காட்டி, இந்த எண்ணுக்குப் பேசித் தரச் சொல்லுங்கள். செய்வார்கள்.

யாரும் வரமாட்டாங்க, நானே லிட்டில் இந்தியா போகணும். டாக்ஸியா ரயிலா?

பெட்டி ஒன்றுதான், பகல் நேரம் என்றால் ரயில். நிலையம் 2, 3 முனையங்களுக்குக் கீழே இருக்கிறது. 1-ல் இறங்கினால் அங்கிருந்து, முனையங்களுக்கு இடையே ஓடும் இலவச ஆகாய ரயிலில் வரலாம். ரயிலில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் அந்த வண்டி லிட்டில் இந்தியா நிலையத்துக்கே கொண்டுபோய்விடும். தட்டிச் செல்லும் வசதியுள்ள வங்கி அட்டையையே நுழைவாயிலில் தட்டலாம், வெளிநாட்டு அட்டைக்குச் சிறு கட்டணம் சேரும். கட்டணம் சில வெள்ளிதான். ஏறும்போது தட்டிய அதே அட்டையை இறங்கும்போதும் தட்ட வேண்டும்.

நள்ளிரவில் இறங்கினால் ரயில் இருக்காது, அதிகாலை ஐந்தரை வாக்கில்தான் தொடங்கும். டாக்ஸி வரிசையில் நில்லுங்கள். மீட்டர் போட்டுத்தான் ஓட்டுவார்கள், பேரம் கிடையாது, 25 முதல் 40 வெள்ளி ஆகலாம். உள்ளே வந்து ‘டாக்ஸி வேணுமா’ என்று தோளைத் தட்டுகிறவரோடு போக வேண்டாம்.

விடுதிகளில் அறை பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கொடுப்பார்கள். பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947-லிருந்து இருக்கிறது. முதல் நாள் காலையில் ஒரு காப்பியும் இட்லியும் உள்ளே போனால் மனசு நிலைக்கு வந்துவிடும். உணவங்காடியில் (பல கடைகள் சேர்ந்த சாப்பாட்டுக்கூடம்) சாப்பிட்டால் தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டும், 2021-லிருந்து அது கட்டாயம்.

எங்கம்மாவ தனியா அனுப்பணும், 63 வயசு, எழுதப் படிக்கத் தெரியாது. தங்கச்சிக்குப் பிரசவம்.

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். நடக்க முடிந்தவர்களும் மொழி தெரியாததால் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்; நடக்கவே முடியாதவர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டும் என்பதால், அம்மா நன்றாக நடப்பார் என்றால் துணைக்கு ஆள் அனுப்பும் சேவை உண்டா என்று முதலில் விசாரியுங்கள். திருச்சி விமானத்தில் எப்படியும் நம் ஊர்க்காரர்கள் நிறைந்திருப்பார்கள். வழியனுப்பும்போது ஒரு குடும்பத்திடம் ‘அம்மாவைப் பெட்டி எடுக்கும் வரை பார்த்துக்கங்க’ என்று சொல்லிவிடுங்கள், பார்சல் விஷயம் போல அல்ல, இதில் யாருக்கும் ஆபத்தில்லை.

வருகை அட்டையை நீங்களே நிரப்பி, தங்கையின் மின்னஞ்சலைக் கொடுங்கள். அந்தத் தாளை உறையில் போட்டு அம்மா கழுத்தில் மாட்டிவிடுங்கள். முன்பே சொன்ன மூன்று கேள்விக்கும் வீட்டில் இரண்டு நாள் பழக்குங்கள். கர்ப்பிணி மகளைப் பார்க்கப் போகிறேன் என்பதை மறைக்க வேண்டியதே இல்லை.

விசா ரெண்டு வருஷம்னு போட்டிருக்கே, அப்போ அவ்வளவு நாள் இருக்கலாமா?

கூடாது. விசாவில் உள்ள தேதி, எந்த நாள் வரை உள்ளே வந்து கேட்கலாம் என்பதற்கு. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும் அந்த அனுமதியில்தான் இருக்கும். பெரும்பாலும் 30 நாள் தருவார்கள், குறைவாகவும் தரலாம். வந்த அன்றே திறந்து கடைசித் தேதியை அந்தத் தாளில் எழுதிவிடுங்கள். நீட்டிக்க வேண்டுமானால் தேதி முடியும் முன்பே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கினால் சிறை, ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு.

டூரிஸ்ட்ல போ, அங்க போனதும் வேலை பர்மிட் ஆக்கிக் கொடுத்துடறேன்னு ஏஜென்ட் சொல்றாரு. நம்பலாமா?

நம்ப வேண்டாம் தம்பி. வருகை அனுமதியில் ஒரு நாள் வேலை பார்த்தாலும் குற்றம். முறையான வேலை என்றால் நீங்கள் கிளம்பும் முன்பே சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் கைக்கு வர வேண்டும். அதில் முதலாளி பெயர், சம்பளம் எல்லாம் இருக்கும். கடிதம் உண்மையா என்று அமைச்சின் தளத்திலேயே சரிபார்க்கலாம். ஏஜென்ட் இந்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று ‘ஈ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம். இரண்டும் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் வேலை, தாய்லாந்து என்று சொல்லி அங்கிருந்து மியான்மர் எல்லைக்குக் கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உண்டு. அவர்களை மீட்க அரசுகள் தலையிட வேண்டியிருந்தது. ‘முதல்ல டூரிஸ்ட்ல போ’ என்ற அதே சொல்தான் அங்கேயும் ஆரம்பம். நிலத்தை அடமானம் வைக்கும் முன்னால் என்னிடம் வந்து ஒரு தடவை கேளுங்கள், சேர்ந்தே அந்தத் தளத்தில் பார்ப்போம்.

தனியா ஒரு பொண்ணு, முதல் ராத்திரி ரூம்ல எப்படி இருக்கும் அக்கா?

பாதுகாப்பைக் கேட்டால், நான் ராத்திரி பத்து மணிக்குச் சிராங்கூன் சாலையில் தனியாக நடந்து போயிருக்கிறேன், பயமாக இல்லை. அங்கே காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. இரண்டையும் அந்தத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீ கேட்டது அது இல்லை என்று தெரியும். கதவைச் சாத்தியதும் ஒரு மாதிரி இருக்கும். எனக்கும் இருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடத் தோன்றவில்லை. குளித்துவிட்டு, சார்ஜரை மாட்டு. அங்கே மூன்று சதுர முள் பிளக், அதற்கான அடாப்டரை இங்கேயே வாங்கி வந்துவிடு. அப்புறம் வீட்டுக்குப் போன் போடு. உனக்கு மணி பத்தரை என்றால் அம்மாவுக்கு எட்டுதான், சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.